நானும் தெரபிஸ்டும் ஒரே இடத்தில் நிற்கிறோம்

வணக்கம் டொக்டர்,

எனக்கு வயது 41. வெள்ளவத்தையில் இருக்கிறேன். பதற்றமும் தூக்கமின்மையும் காரணமாக மூன்றாவது வருடமாக உளப்பகுப்பாய்வு முறையில், அதாவது மனதின் அடியில் கிடப்பதைப் பேசிப் பேசி வெளிக்கொண்டுவரும் முறையில், ஒரு தெரபிஸ்டிடம் போய் வருகிறேன். அவரும் தமிழர்தான். லண்டனில் படித்து, நெடுநாள் அங்கேயே இருந்துவிட்டு வந்தவர். முதல் வருடம் நல்ல முன்னேற்றம். மாத்திரை இல்லாமல் தூங்கினேன்.

1995 இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த பிறகு நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்தோம். பஸ்ஸில் ஏறினால் "வாயைத் திறக்காதே" என்பார் அம்மா. தமிழ் காதில் விழுந்துவிடக் கூடாது என்ற பயம். ஒருநாள் செக்பொயிண்டில் அப்பாவை இறக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம்தான் விட்டார்கள். இதைப் போன வருடம் தெரபிஸ்டிடம் சொன்னேன். "உங்களைத் தனியே விட்டுவிட்டாரே என்று அப்பா மேல் கோபம் இருந்திருக்குமோ?" என்று கேட்டார். "ஓம், இருக்கலாம்" என்றேன். உண்மையில் அது எனக்குப் பொருந்தவில்லை. இவர் அப்போது இங்கே இருக்கவில்லையே என்றுதான் மனதுக்குள் ஓடியது.

அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை. ஒஃபிஸ் கதை கதைக்கிறேன், அவர் தலையாட்டுகிறார். சில நாட்களில் இருவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். தூக்கமும் மறுபடி கெட்டுவிட்டது. நான்தான் ஒத்துழைக்கவில்லையா? இனி வரமாட்டேன் என்று வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டு நிறுத்திவிடலாமா?

– பெயர் வேண்டாம், கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் ஒத்துழைக்காதவராகத் தெரியவில்லை. அளவுக்கு மீறி ஒத்துழைத்தவராகத்தான் தெரிகிறது. பொருந்தாத விளக்கத்துக்கும் "ஓம்" சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மேல் அதிகாரம் உள்ள ஒருவர் முன்னால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் ஆபத்தில்லை என்பதைப் பதினொரு வயதில் பஸ்ஸில் பழகியிருக்கிறீர்கள். அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். இன்றைக்கு அதே பழக்கம் சிகிச்சை அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நினைவில் கொண்டுவர முடியாததை மனிதர்கள் செய்து காட்டிவிடுகிறார்கள் என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்ட் 1914 இல் எழுதினார். உங்களுக்குச் சம்பவம் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அன்று விழுங்கிய சொற்களையும் கோபத்தையும் நீங்கள் அங்கே சொல்லவில்லை, பேசாமல் இருந்து காட்டுகிறீர்கள். ஆகவே இந்த முடக்கத்தைச் சிகிச்சையின் தோல்வி என்று நான் எடுக்கமாட்டேன். உங்கள் பிரச்சினையின் நடுப்பகுதிக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள்.

ஆனால் முடக்கம் என்பது ஒருவரால் மட்டும் வருவதில்லை. டோரா என்ற புனைபெயரில் பிராய்ட் எழுதிய இளம்பெண், 1900 ஒக்டோபரில் தொடங்கிய சிகிச்சையை அந்த வருடத்தின் கடைசி நாளில் முறித்துக்கொண்டு போய்விட்டாள். வேறு ஆட்கள் மேல் இருந்த உணர்வுகளை அவள் பிராய்ட் மேல் ஏற்றிவைத்ததை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறியதாக 1905 இல் அவரே எழுதினார். தன் விளக்கத்தை அவள் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று அவர் விடாமல் அழுத்தியதைப் பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். எனக்கு இந்த இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் பெரிதாகப் படுகிறது. சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வுகளும் நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும் கருவிதான் என்று லண்டனில் இருந்த உளப்பகுப்பாய்வாளர் போலா ஹைமன் 1950 இல் எழுதினார். அதுவரை பெரும்பாலும் அவற்றை ஒரு தொந்தரவாகவே பார்த்தார்கள்.

உங்கள் தெரபிஸ்டுக்குள் என்ன நடந்தது? நான் அந்த அறையில் இல்லை, இது ஊகம்தான். போர்க்காலத்தில் இங்கே இல்லாமல் போன ஒருவருக்குச் செக்பொயிண்ட் கதை சங்கடமாக இருந்திருக்கலாம். அதனால்தானோ என்னவோ, தெருவில் நடந்ததை விட்டுவிட்டு, தனக்குப் பழக்கமான அப்பா–மகள் விஷயத்துக்குப் போய்விட்டார். நீங்களும் மரியாதைக்குப் பேசாமல் இருந்துவிட்டீர்கள். அவருக்குக் கேட்கக் கஷ்டமானதை நீங்கள் சொல்வதில்லை, நீங்கள் சொல்லாததை அவர் கிண்டுவதில்லை. இப்படி ஓர் எழுதாத ஒப்பந்தம் இருந்தால் எவ்வளவு நல்ல சிகிச்சையும் நின்றுபோகும்.

அடுத்த முறை போனவுடனேயே சொல்லுங்கள்: "அன்றைக்கு அப்பாவைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் பொருந்தவில்லை. நீங்கள் இங்கே இருக்கவில்லை, உங்களுக்கு இது விளங்காது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மனதில் உள்ளதைச் சொல்வதை விட்டுவிட்டேன்." நேரம் முடிகிறபோது சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை, தான் எதைத் தவறவிட்டேன் என்று கேட்டால் நல்லது. ஆனால் "இதுவும் உங்கள் எதிர்ப்புத்தான்", அதாவது சிகிச்சையை உங்கள் மனமே தடுக்கிறது, என்று மட்டும் சொல்லி மூடிவிட்டால் எனக்கு யோசனையாக இருக்கும். இந்த நிலையை ஒரு மூத்த சிகிச்சையாளரோடு கலந்து பேசுகிறாரா என்று தாராளமாகக் கேளுங்கள். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

தூக்கத்தை இதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஆளை மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் உடனே வேண்டாம். புதியவரிடமும் கொஞ்ச நாளில் "ஓம், இருக்கலாம்" என்று சொல்லத் தொடங்கிவிடுவீர்கள் என்றுதான் பயப்படுகிறேன். வெளிப்படையாகப் பேசிய பிறகும் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு அசைவும் இல்லையென்றால் தாராளமாக விலகுங்கள். அவர் உங்களை அவமதித்தாலோ எல்லை மீறினாலோ இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை, அன்றே நிறுத்திவிடுங்கள்.

வட்ஸ்அப் மெசேஜ் மட்டும் வேண்டாம். போவதென்று முடிவெடுத்தால் ஒரு திகதி குறித்து, அதற்கு முன் நாலைந்து தடவையாவது போங்கள். ஏன் போகிறீர்கள் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும், அதையும் அங்கேயே வைத்துப் பேசலாம்.