முதலீட்டுச் சபைக் கடிதம் வரவில்லை: விபரத்திரட்டை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் பொதியிடும் தொழில் செய்கிறேன். கிளிநொச்சியில் புதிய ஆலைக்காக இலங்கை முதலீட்டுச் சபைக்கு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்கிறார்கள். வடக்கில் முதலிட்டால் 200 வீத வரிக்கழிவு உண்டாம். நவம்பர் 30-க்குள் வருமான வரி விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதம் வரும்வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். உங்கள் கேள்வியில் வரிக்கழிவு, சபையின் அனுமதி என்ற இரண்டு வேறு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நீங்கள் சொல்லும் 200 வீதம் 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 30 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் வட மாகாணத்தில் முதலிடுவோருக்கு என்றுதான் அது எழுதப்பட்டது. உங்கள் முதலீட்டுத் தொகையை நீங்கள் எழுதவில்லை. கேள்வியின் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது! சட்டம் அதன்பின் பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், உங்கள் மதிப்பீட்டு ஆண்டுக்கு எந்த எல்லை பொருந்துகிறது என்று கணக்காளரை வைத்துப் பாருங்கள்.

அந்த எல்லை உங்களுக்குப் பொருந்தினால், கழிவை விபரத்திரட்டில் நீங்களே கணக்கிட்டுக் கோர வேண்டியதுதான். முதலீட்டுச் சபையிலிருந்து வரும் கடிதம் அதைத் தருவதில்லை. சொத்து எங்கே பயன்படுகிறது, எவ்வளவு செலவானது, எந்த ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது என்பதுதான் பார்க்கப்படும். மதிப்பீட்டு ஆண்டு முடியும் மார்ச் 31 அன்று இயந்திரம் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தில் பிரிக்காமல் கிடந்தால் அதைக் கிளிநொச்சிக் கணக்கில் காட்டுவது ஆபத்து. பற்றுச்சீட்டு, போக்குவரத்துப் பத்திரம், பொருத்திய திகதி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

முதலீட்டுச் சபையின் தாமதம் உங்களை உண்மையில் கடிப்பது சுங்கத்தில். இயந்திர இறக்குமதித் தீர்வைச் சலுகைக்கு வழி, முதலீட்டுச் சபைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் சபையுடன் செய்யும் ஒப்பந்தம். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு அனுமதி என்றால் நாட்டின் வழமையான சட்டமே பொருந்தும். எதற்கு விண்ணப்பித்தீர்கள் என்று முதலில் பாருங்கள். தெரியாமலே கையொப்பமிட்டவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். 17 என்றால், ஒப்பந்தம் கையில் வருமுன் கப்பலேற்றச் சொல்லாதீர்கள். தீர்வை கட்டிப் பொருளை எடுத்த பிறகு சலுகை கேட்டு அலைவது பெரிய பாடு.

அப்புறம், இன்னொரு வகைத் தாமதமும் உண்டு. 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட வருமான வரி மாற்றங்கள் 2021 மே மாதத்தில்தான் 10-ஆம் இலக்கத் திருத்தச் சட்டமாக வந்தன. அதுவரை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல்களை வைத்தே எல்லோரும் கணக்குப் போட்டோம். வரவுசெலவுத் திட்ட உரையில் கேட்ட சலுகையை, எழுத்தில் எதுவும் வராமல் விபரத்திரட்டில் போடாதீர்கள்.

செலுத்தாமல் விட்ட வரிக்கு மாதம் 1.5 வீத வட்டி ஏறும். சந்தேகமான பகுதிக்கு இப்போதுள்ள சட்டப்படி கட்டிவிட்டு, உரிமை உறுதியானதும் மீளளிப்புக் கேளுங்கள். மீளளிப்புக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பணத்தை நம்பி வங்கித் தவணை போடாதீர்கள்.

விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று அறிய, 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.