போர்தோவா பர்கண்டியா? லேபிளை மறைச்சு வெச்சுட்டு குடிச்சுப் பாருங்க

கேள்வி: அண்ணா, நான் பாரிஸ் பக்கத்துல வேலை பாக்கறேன். ஆபீஸ் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை சாயந்தரம் பிரான்ஸோட வெவ்வேற ஏரியா ஒயின்களை டேஸ்ட் பண்ணி ஒப்பிட்டுப் பாக்கலாம்னு இருக்கோம், மொத்தம் 100 யூரோ பட்ஜெட், வாங்கற பொறுப்பு என் தலைல விழுந்துடுச்சு. போர்தோ, பர்கண்டி, ரோன், லுவார், அல்சாஸ், பொஜோலேன்னு ஏரியாவுக்கு ஒண்ணு வாங்கிடலாமா?

பதில்: ஏரியாவுக்கு ஒண்ணு வேண்டாம் தம்பி. திராட்சை வேற, மண்ணு வேற, வெயில் வேற, வருஷம் வேறன்னு எல்லாமே மாறிட்டா எதனால ருசி மாறுதுன்னே பிடிபடாது, எனக்கு இது பிடிச்சுது உனக்கு அது பிடிச்சுதுன்னு சொல்லிட்டு கலைஞ்சு போயிடுவீங்க. ஜோடி ஜோடியா வாங்குங்க, ஜோடிக்குள்ள முடிஞ்ச வரைக்கும் ஒரு விஷயம் மட்டும் மாறட்டும்.

முதல் ஜோடி வெள்ளை, ஒரு ஷப்லி, ஒரு மாகோன். ரெண்டுமே பர்கண்டிதான், ரெண்டுமே ஷார்டனே திராட்சைதான். ஷப்லி வடக்குக் கோடில இருக்கு, குளிர் ஜாஸ்தி, சுண்ணாம்பு மண்ணு, அதனால எலுமிச்சைத் தோல் வாசனையோட வெடுக்குன்னு ஒரு புளிப்பு நாக்கு ஓரத்துல நிக்கும். மாகோன் தெக்க தள்ளி, வெயில்ல பழம் நல்லா பழுத்திருக்கும், புளிப்பு அடங்கி பீச் பழ வாசனை வரும்.

ரெண்டாவது ஜோடி போர்தோவுக்குள்ளேயே. ஆத்தோட இடது கரைல ஓ-மெதோக், அங்க கபெர்னே சோவின்யோன் திராட்சை கைதான் ஓங்கியிருக்கும், வலது கரைல சேன்தெமிலியோன் பக்கம் மெர்லோ திராட்சை. சேன்தெமிலியோனுக்கு உங்க பட்ஜெட் இடிக்கும், அதுக்கு ஒட்டின மோன்தாஞ்-சேன்தெமிலியோன் எடுங்க, விலை கம்மி. கபெர்னேயோட துவர்ப்பு பாக்கு மென்ன மாதிரி ஈறை இழுத்துப் பிடிக்கும், மெர்லோல அது பாதி கூட இருக்காது, அதை கவனிச்சாலே அன்னிக்கு சாயந்தரம் லாபம்.

மூணாவது ஜோடில விலையை நிறுத்தி வெச்சுட்டு ஊரை மாத்துங்க, திராட்சையும் மாறும், பரவால்ல. 15 யூரோ பக்கம் ஒரு பர்கண்டி பினோ நுவார், அதே விலைக்கு பக்கத்து ஊர் பொஜோலேல இருந்து ஒரு மோர்கோன், அது கமே திராட்சை. அந்தக் காசுக்கு பர்கண்டில பெரும்பாலும் அடிமட்ட பாட்டில்தான் கைக்கு வரும், பொஜோலேல மேல்தட்டு ஊர்னு வெச்சிருக்கற 10 க்ரூல ஒண்ணு வந்துடும். பொஜோலேன்னதும் எல்லாருக்கும் நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்ற புது ஒயின் நூவோதான் ஞாபகம் வருது, அந்த ஜூஸை வெச்சு மோர்கோனை எடை போடாதீங்க. நான் எப்பவும் சொல்றது இதான், பேர் பெத்த ஊரோட மலிவு பாட்டிலை விட பேர் அடிபடாத ஊரோட நல்ல பாட்டில் வாங்கறதுதான் காசுக்கு நியாயம்.

அப்புறம் முக்கியமான விஷயம், ஊத்தறதுக்கு முன்னாடி பாட்டிலை எல்லாம் அலுமினியம் ஃபாயில்ல சுத்தி நம்பர் போட்டுடுங்க. 2001ல வெளியான ஒரு ஆய்வுல போர்தோ பல்கலைக்கழகத்துல ஒயின் படிக்கற 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின்ல வாசனை இல்லாத சிவப்பு சாயத்தைக் கலந்து குடுத்தாங்க, அவங்க சிவப்பு ஒயினுக்கு எழுதற வார்த்தைங்களையே எழுதி வெச்சாங்க. படிக்கறவங்க கதியே அப்படின்னா லேபிளைப் பாத்துட்டு குடிக்கற நம்ம கதி என்ன? ஃபாயிலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் விலை என்ன இருக்கும்னு சீட்டுல எழுதணும், சண்டை களை கட்டறது அங்கதான்.

ஆளுக்கு 5 சென்டிலிட்டர் போதும். ஆறு பாட்டிலுக்கு அதுவே 30 சென்டிலிட்டர் ஆயிடும், அது கம்மி இல்ல, அதனால துப்பறதுக்கு ஒரு சொம்பு வைங்க, டேஸ்டிங்ல துப்பறதை அங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பிரான்ஸ்ல வண்டி ஓட்டறவங்களுக்கு பொதுவா ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் லிமிட். வெள்ளையை ஃபிரிட்ஜ்லேருந்து ஒரு இருபது நிமிஷம் முன்னாடி வெளிய எடுங்க, மோர்கோனை 14 டிகிரி குளிர்ச்சில ஊத்துங்க, போர்தோவை 17 பக்கம். அன்னிக்கு வீட்ல ஊதுபத்தி வேண்டாம், குழம்பு தாளிக்க வேண்டாம், வெறும் பிரெட்டும் தண்ணியும் போதும்.

கேள்வி: கோல்ட் மெடல் ஸ்டிக்கர் ஒட்டின பாட்டிலை நம்பி வாங்கலாமா சார்? லேபிள்ல கிரான் வேன், வியேய் வீஞ்னு எல்லாம் போட்டிருக்காங்களே?

பதில்: மெடல் முழு டுபாக்கூர் இல்ல, ஆனா ஒரு போட்டிக்கு வந்த ஒயின்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும் மெடல் குடுக்கலாம்னு அங்க விதி, அப்ப நீங்களே கணக்கு போட்டுக்கங்க. எந்தப் போட்டி, எந்த வருஷத்து ஒயினுக்குன்னு ஸ்டிக்கரைப் படிங்க. வியேய் வீஞ்னா வயசான கொடியாம், எத்தனை வயசுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. கிரான் வேன் தெ போர்தோ, அதாவது போர்தோவோட உயர்ந்த ஒயின்ங்கறதை நிறைய பேர் போட்டுக்கறாங்க. இதுல பெரிய குழப்பம் கிரான் க்ரூ, பர்கண்டில அது குறிப்பிட்ட தோட்டத்துக்கு சட்டப்படி குடுத்த அந்தஸ்து, ஆனா சேன்தெமிலியோன் கிரான் க்ரூங்கறது நூத்துக்கணக்கான ஷாத்தோ, அதாவது ஒயின் தோட்டக்காரங்க, போட்டுக்கற ஒரு அப்பெலாசியோன் பேரு, எந்த ஊர் ஒயின்னு சொல்ற சட்டப்படியான பேர் அவ்வளவுதான், கடைசில க்ளாஸேன்னு சேர்ந்து வந்தாத்தான் அது தரவரிசைல இருக்கறது.

கேள்வி: ஒரு ஒயின் கண்காட்சில ஸ்டால் ஸ்டாலா டேஸ்ட் பண்ணிட்டே போனதுல ஒரு தயாரிப்பாளர்கிட்ட 24 பாட்டில் வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து குடிச்சா அவ்வளவு சிலாக்கியமா இல்ல. 14 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு சொல்றாங்களே?

பதில்: அந்த 14 நாள் ஆன்லைன்ல வாங்கினா உண்டு. கண்காட்சில நேர்ல வாங்கினதுக்கு கிடையாது, அதை ஸ்டால்ல போர்டு போட்டு சொல்லியே ஆகணும்னும் விதி இருக்கு, நம்மதான் பாக்கறதில்ல. பத்தாவது ஸ்டால் தாண்டினா நாக்கு செத்துடும், அந்த நேரத்துல எது குடுத்தாலும் அமிர்தம்தான், ஆறு பாட்டிலோட நிறுத்தியிருக்கணும். ஆனா ஏதாவது பாட்டில் ஈரமான அட்டைப்பெட்டி நாத்தம் அடிச்சா கதை வேற, அது கார்க் கெட்டுப்போனது, ஊத்தினதைத் திரும்ப பாட்டில்ல ஊத்தி வெச்சு தயாரிப்பாளருக்கு எழுதுங்க, நல்ல ஆளா இருந்தா மாத்திக் குடுப்பார்.

கேள்வி: லீவுக்கு சென்னை போறேன், எத்தனை பாட்டில் எடுத்துட்டு போகலாம்?

பதில்: இந்தியாவுக்குள்ள ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் டியூட்டி இல்ல. வழக்கமான 75 சென்டிலிட்டர் பாட்டில்னா ரெண்டோட நின்னுடும், மூணாவது வெச்சா 2.25 ஆயிடும். ஆனா ஜூரா ஏரியாவோட வேன் ஜோன்ங்கற மஞ்சள் ஒயின் 62 சென்டிலிட்டர் பாட்டில்ல வருது, அதுல மூணு வெச்சாலும் 1.86தான். விலை கடிக்கும், பீப்பாய்ல ஆறு வருஷம் பக்கம் கிடக்கற சரக்கு அது. வெந்தயத்துக்கு வாசனை குடுக்கற சோட்டோலோன்ங்கற அதே பொருள்தான் இதுலயும் இருக்கு, அதனால வத்தக்குழம்பு பிடிச்ச மாமனார் இருந்தா ரெண்டு போர்தோவுக்கு பதிலா இதுல ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.