நண்பர்களோடு ஐந்து நாள் இலங்கை: வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

ஐந்து நாளில் அனுராதபுரம், பொலன்னறுவை, கண்டி, எல்ல, காலி எல்லாம் பார்த்துவிடலாமா? (வேளச்சேரியிலிருந்து ஐந்து நண்பர்கள்)

வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம்தான் என்பதால் தீவுக்குள்ளேயும் எல்லாம் பக்கம் என்று நினைத்துவிடுகிறோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து தம்புள்ளை சுமார் 150 கிலோமீட்டர், ஆனால் ஊர்களுக்கு நடுவே போகும் சாலை, நாலு மணி நேரம் பிடிக்கும். தம்புள்ளையிலோ ஹபரணையிலோ மூன்று இரவு தங்கி, அங்கிருந்தே சுற்றிவிட்டு, கடைசி இரவுக்குக் கண்டி போங்கள். எல்லவும் காலியும் இன்னொரு தடவை.

சிகிரியா, பொலன்னறுவை இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

பாறை மேல் கோட்டை இருக்கும் சிகிரியாவைத்தான் பலர் சொல்வார்கள். நான் பொலன்னறுவை என்றுதான் சொல்வேன். 993-ல் சோழர் படை அனுராதபுரத்தை வீழ்த்திய பிறகு தலைநகரானது இந்த ஊர், ஜனநாதமங்கலம் என்று பெயரும் வைத்தார்கள், 1070-ல் சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு மீட்கும் வரை அவர்கள் கையில்தான் இருந்தது. பலகையில் 'சிவ தேவாலயம் எண் 2' என்று இருக்குமே, அதுதான் வானவன்மாதேவி ஈச்சரம். முழுக்கக் கல்லில் கட்டிய சின்னக் கோயில், சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள். வேன் ஓட்டுநர் நிறுத்தாமல் போய்விடலாம், நீங்களே கேட்டு இறங்குங்கள். கடல் தாண்டி வந்து நம் எழுத்தைத் தடவிப் படிக்கும்போது, கல்லூரியில் வரலாறு என்றாலே தூங்கிய நண்பன்கூட பேசாமல் நின்றுவிடுவான். அப்புறம் கல் விகாரை, ஒரே பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள், படுத்திருப்பவர் மட்டும் 14 மீட்டர் நீளம். செருப்பைக் கழற்ற வேண்டும், மதிய வெயிலில் கல் கொதிக்கும், ஒரு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

சிகிரியாவுக்கும் போவதானால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், ஏறத்தாழ 1,200 படி.

டிசம்பர் லீவில் போகலாமா?

நம் ஊரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பக்கமும் பெய்யும். ஜூலை, ஆகஸ்ட் நல்லது.

பார்ட்டி, போட்டோ, உடை விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமி அங்கே போயா நாள், மது விற்கவே மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு வெள்ளை உடுத்திக் குடும்பம் குடும்பமாக விகாரைக்கு வருவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக்கூடாது, இதை அவர்கள் உண்மையாகவே அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள்.

செலவு பிரிப்பதில் போன தடவை சண்டையாகிவிட்டது...

கிளம்பும் முன்பே ஆளுக்கு ஒரே தொகை போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். வேன், டீசல், நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்தே போகட்டும், ஷாப்பிங் அவரவர் பணம். டிக்கெட் வாங்கும்போது எல்லாருடைய பாஸ்போர்ட்டும் வேண்டும், இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக்காரர்களுக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு, அறையில் வைத்துவிட்டுப் போய் முழுக் கட்டணம் கட்டாதீர்கள்.