டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தடுப்பூசி ஆகுமா?

கேள்வி: தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனாருக்கு வயது 61. நெடுநாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ராமநாதபுரம் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டாலும், கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழிப்பதை விடவில்லை. ஹெபடைடிஸ்-பி (கல்லீரல் அழற்சி) தடுப்பூசியின் முதல் தவணை போட்ட அன்று இரவு காய்ச்சல் அடித்தது. ‘தெம்பில்லாத உடம்புக்கு ஊசி ஆகாது’ என்று உறவினர்கள் சொன்னதிலிருந்து, அடுத்த தவணை வேண்டாம் என்கிறார். வீட்டில் 9 மாதக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடவேண்டும். அதனால் அவருக்கு ஏதும் தொற்றிவிடுமா?

பதில்: உங்கள் மாமனார் அடுத்த தவணையைப் போட்டுக்கொள்ள வேண்டும். குழந்தையின் ஊசியையும் செவிலியர் குறித்துக்கொடுத்த புதன்கிழமையிலேயே போட்டுவிடுங்கள். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வரும் லேசான காய்ச்சலும் கைவலியும் பெரும்பாலும் இரண்டு நாளில் தானாகத் தணிந்துவிடும். அதற்காகத் தவணையை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் டயாலிசிஸ் செய்பவருக்கு வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் ஊசியின் தலையில் கட்டிவிடுவதும் தவறு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அதிலும் கழுத்தில் குழாய் வைத்திருந்தால், ரத்தத்தில் தொற்று ஏறியிருக்கலாம் என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஹெபடைடிஸ்-பி கிருமி, உடலுக்கு வெளியே காய்ந்துபோன ரத்தத் துளியிலும் குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும். ஒரே அறையில் பலருக்கு அடுத்தடுத்து ரத்தம் சுத்திகரிக்கப்படும் இடத்தில் இந்த ஊசியை முதலில் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்துச் சேர்த்திருப்பதால், எவ்வளவு பலவீனமான உடம்பிலும் அது நோயை உண்டாக்க முடியாது.

உறவினர்கள் சொன்னதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பலவீனமான உடம்பு தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் சொல்லாது. ஆரோக்கியமான பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் போதிய எதிர்ப்பொருள் உண்டாகும்போது, டயாலிசிஸ் செய்பவர்களில் ஏறத்தாழ 50 முதல் 60 சதவீதம் பேருக்கே உண்டாகிறது. அதனால்தான் வழக்கமான 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40 மைக்ரோகிராமாக, முதல் நாள், 1, 2, 6-ஆம் மாதங்கள் என நான்கு தவணை போடுகிறோம். இடையில் நாள் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து, அளவு 10-க்குக் (mIU/mL) குறைவாக இருந்தால் மறுபடியும் ஒரு சுற்றுப் போட வேண்டும். போதுமான அளவு வந்தவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தப் பரிசோதனையைப் பலரும் மறந்துவிடுவதுதான் என் ஆதங்கம்.

சில நுணுக்கங்களை வீட்டார் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஊசியைத் தோளின் தசையில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிப் பலன் குறையும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடம்) இருக்கும் கையை நீட்டவே கூடாது, மற்றக் கையைக் காட்டச் சொல்லுங்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுப்பதால், டயாலிசிஸ் தொடங்கும் முன்போ, டயாலிசிஸ் இல்லாத நாளிலோ போட்டு, இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்று: ஊசி போட்ட சில வாரங்களுக்குள் ஹெபடைடிஸ்-பி ரத்தப் பரிசோதனை செய்தால், ஊசியிலுள்ள புரதமே நோய் இருப்பதுபோல் காட்டிவிடக்கூடும், அதை நம்பி வீட்டார் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே மாதாந்தரப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தை வெளியே வாங்கி எடுத்துச் செல்ல நேர்ந்தால், மீன் ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தத் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டியது. ஐஸில் நேரடியாகப் பட்டு உறைந்துவிட்டால் வெயிலில் கிடந்ததைவிட மோசமாகக் கெட்டுப்போகும், பார்வைக்கும் எளிதில் தெரியாது. முடிந்தவரை, மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்வது உத்தமம்.

அவருக்கு வேறு ஊசிகளும் தேவை. இன்ஃப்ளூயன்சா ஊசியை ஆண்டுதோறும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே போடுவது நல்லது. பலன் தெரிய இரண்டு வாரமாகும், நம் பக்கத்தில் மழைக்காலத்தில்தான் இந்தக் காய்ச்சல் கூடுகிறது. நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியில் பல வகை இருப்பதால், எது, எத்தனை என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். இரண்டும் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். இரண்டிலும் உயிருள்ள கிருமி இல்லை. பிற்காலத்தில் சிறுநீரக மாற்று அறுவைக்கு எண்ணம் இருந்தால் அதை இப்போதே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். உயிருள்ள கிருமி சேர்ந்த ஊசி ஏதும் தேவைப்பட்டால் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டு முடிக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்காக உடலின் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகள் தொடங்கிய பிறகு அந்த ஊசிகளைப் போட முடியாது.

இனி குழந்தை. தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமிதான் என்றாலும், அது குழந்தையிடமிருந்து வீட்டிலுள்ளவர்களுக்குத் தட்டம்மையாகத் தொற்றுவதில்லை. ஊசி போடாத குழந்தை தெருவிலிருந்து நிஜத் தட்டம்மையைக் கொண்டுவந்தால்தான் தாத்தாவுக்கு ஆபத்து. குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் நியூமோகாக்கல் ஊசியும் அப்படியே: கிருமி குழந்தையின் தொண்டையில் தங்காதபோது வீட்டுப் பெரியவர்களுக்கும் நிமோனியா குறைகிறது. போலியோ சொட்டுக் கிருமி மட்டும் சில வாரங்கள் மலத்தில் வெளியேறும் என்பதால், சொட்டு போட்ட பிறகு குழந்தையைக் கழுவிவிடும் வேலையை அவரிடம் விடாமல், நீங்கள் செய்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், அது நண்டு வலை. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ என்னும் கிருமி, நண்டுக் கொடுக்கோ கெளுத்தி முள்ளோ கீறிய சிறு காயம் வழியாகப் புகுந்து, சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு ஒரே நாளில் கையை வீங்கவைத்துக் கொப்புளம் எழுப்பிவிடும். அதற்குத் தடுப்பூசி கிடையாது. உட்காரத்தான் வேண்டுமென்றால் தடித்த ரப்பர் கையுறை போட்டு, ஃபிஸ்டுலா கையை வேலையில் படாமல் வைத்துக்கொள்ளட்டும். கீறல் பட்டால் கடல்நீரில் அலம்பாமல், நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் டி.டி. (டெட்டனஸ்–டிப்தீரியா) ஊசி தேவைப்படும். காயம் கடல்நீரில் பட்டது என்பதையும், அவர் டயாலிசிஸ் செய்பவர் என்பதையும் மருத்துவரிடம் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்து மாறும்.