அறை பளிச்சென்று இருக்கிறது, அம்மா மட்டும் மெலிகிறார். ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 82 வயது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். கொஞ்சம் மறதியும் உண்டு. அறை, துணிமணி, படுக்கை எல்லாம் சுத்தம். ஆனால் மூன்றே மாதத்தில் 52 கிலோ 47 ஆகிவிட்டது. கைபிடித்தால் கழிவறைவரை நடந்தவருக்கு இப்போது நாள் முழுக்க டயப்பர். பகலெல்லாம் தூக்கம். கேட்டால் "ஆள் போதவில்லை" என்கிறார்கள். எதைக் கவனிப்பது, எப்படிப் பேசுவது?

பதில்: ஆள் குறையும்போது முதலில் விடுபடுவது, செய்யாவிட்டாலும் உடனே வெளியே தெரியாத வேலைகள். விரிப்பு அழுக்காக இருந்தால் வருபவர் கண்ணில் பட்டுவிடும். காலையிலிருந்து யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது படாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதவி தேவைப்படும் ஒருவரை எழுப்பி, கழிவறைக்கு அழைத்துப்போய், பல் துலக்கி, உடம்பு துடைத்து, உடை மாற்றி உட்காரவைக்க அரைமணி நேரமாவது ஆகும். காலை 7 முதல் 10 வரை ஒரே உதவியாளர் பத்துப் பேரைப் பார்த்தால் ஆளுக்கு 18 நிமிடம். மீதி நிமிடங்கள் எங்கிருந்தோ வெட்டப்படத்தான் வேண்டும்.

உங்கள் அம்மாவின் டயப்பர் இந்த வெட்டில் வந்ததாக இருக்கலாம். மெல்ல நடத்திக் கூட்டிப்போய்க் கொண்டுவர கால்மணி நேரம். டயப்பர் மாற்ற ஐந்து நிமிடம். ஆனால் நடக்காத கால்கள் சில வாரங்களிலேயே பலம் இழக்கும். பிறகு அவரை எழுப்பவே இரண்டு பேர் வேண்டும். ஆளில்லாததால் நிறுத்திய நடை, இன்னும் அதிக ஆளைக் கேட்கும் நிலையில் கொண்டுபோய் விடுகிறது. அதனால் நான் முதலில் பிடிவாதம் பிடிப்பது கழிவறை நேரங்களுக்குத்தான்: எழுந்ததும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், தூங்கும் முன்பும். காலை உணவு முடிந்த அரைமணிக்குள் குடல் தானாகவே அசையும். அந்த ஒரு நேரத்தைத் தவறவிடாமல் இருந்தாலே மலச்சிக்கல் குறைய உதவும். நடக்க வைப்பதற்குமுன் இன்று எவ்வளவு தாங்குவார் என்று பிசியோதெரபிஸ்ட் பார்க்கட்டும்.

எடைக்கு வருவோம். மூன்று மாதத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே மருத்துவர் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட 10 சதவீதம். தட்டை வைத்துவிட்டு, இருபது நிமிடத்தில் அப்படியே எடுத்துப்போவது ஒரு காரணமாக இருக்கலாம். நிதானமாக ஊட்ட அரைமணிக்கு மேல்கூட ஆகும். அவசரமாக ஊட்டினால் புரையேறி நுரையீரல் தொற்று வரலாம். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. எல்லாப் பழியையும் ஆள் பற்றாக்குறைமேல் போட்டுவிடவும் வேண்டாம். தளர்ந்த பல்செட், வாய்ப்புண், விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு, புது மாத்திரை எதுவும் பசியைக் கெடுக்கும்.

பகல் தூக்கத்துக்கு இரண்டு சந்தேகங்கள். ஒன்று நீர்வறட்சி. தண்ணீர் கொடுத்தால் கழிவறைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதால், நெருக்கடியான ஷிப்டில் டம்ளர் கைக்கெட்டாத மேசையிலேயே இருக்கும். அடர்ந்த நிறச் சிறுநீர், காய்ந்த நாக்கு, கூடும் குழப்பம் ஆகியவை அடையாளங்கள். இந்தக் குழப்பத்தை மறதி முற்றிவிட்டது என்று தப்பாக எடுத்துக்கொள்வார்கள். மற்றொன்று அமைதிப்படுத்தும் மருந்து. மருந்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி, எது எப்போது, எதற்காகச் சேர்ந்தது என்று பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். புரட்டிப் படுக்கவைக்கும் பதிவேடு இருந்தால் அதையும் கேளுங்கள். இரவு முழுக்க 2, 4, 6 மணி என்று துல்லியமாக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் ஷிப்ட் முடிவில் ஒரே மூச்சில் நிரப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

வழக்கமான பார்வை நேரத்தில் மட்டும் போகாதீர்கள். சாப்பாட்டு வேளை, விடுமுறை நாள் மாலை, இரவு ஷிப்ட் தொடங்கும் நேரம் என்று மாற்றிப் போங்கள். அம்மாவுக்கு உதவி தேவைப்படும்போது மணியை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். ஒரு நாள் தாமதம் எதையும் காட்டாது; நாலைந்து நாள் குறிப்பு காட்டும்.

பேச வேண்டியது தலைமை நர்ஸிடம் அல்லது நிர்வாகியிடம். தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் உதவியாளரிடம் சண்டை போட்டால் அவருடைய பத்து நிமிடமும் போகும். "நல்லா பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் மாறாது. இந்தத் தளத்தில் எத்தனை முதியவர்களுக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை உதவியாளர்கள், அதில் தற்காலிக ஆட்கள் எத்தனை என்று கேளுங்கள். வாராவாரம் எடை, கழிவறை நேரங்கள், மருத்துவர் பார்க்கும் தேதி ஆகிய மூன்றையும் பராமரிப்புத் திட்டத்தில் எழுத வைத்து நகல் வாங்குங்கள்.

தற்காலிகமாக வருபவருக்கு உங்கள் அம்மாவைத் தெரியாது. கண்ணாடி, காது கருவி, பல்செட் எங்கே, எந்தக் கால் பலவீனம், எப்படிக் கொடுத்தால் குடிப்பார் என்று ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி, நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். முடிந்தால் ஒரு வேளை நீங்களே ஊட்டலாம், ஆனால் விழுங்கும் திறனை மருத்துவர் சோதித்த பிறகு. தனியாகத் தூக்கி உட்காரவைக்க முயலாதீர்கள், இருவரும் விழுவீர்கள்.

ஓரிரு நாளில் திடீரென்று கூடும் குழப்பம், காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, தோல் கிழிந்த புண் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கூட்டம், கடிதம் என்று காத்திராமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவசரம் எதுவும் இல்லாவிட்டாலும், எழுதிக் கொடுத்த திட்டம் மூன்று வாரம் கழித்தும் நடக்கவில்லை, எடையும் இறங்குகிறது என்றால், அந்த இல்லத்துக்கு உரிமம் தந்த அமைப்பிடம் உங்கள் குறிப்புகளோடு புகார் கொடுங்கள். வேறு இடமும் தேடத் தொடங்குங்கள்.