தளபதி கியாப் வென்றது அதிர்ஷ்டத்தாலா? ஒரு வரலாற்று ஆசிரியரின் பதில்

கேள்வி: "ராணுவப் பள்ளி வாசலையே மிதிக்காத, வெறும் வரலாற்று ஆசிரியரான வியட்நாம் தளபதி வோ நுயென் கியாப் பிரெஞ்சுப் படையை வென்றது அதிர்ஷ்டம்தானே?"

அந்த 'வெறும்' என்ற சொல் தைத்துவிட்டது. 28 வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் மாணவராக இருப்பீர்கள், வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற மறுவருடம், 2019-ல், மகளும் மருமகனும் வேலை பார்க்கும் ஹனோய்க்குப் போனேன். மருமகன் ஹா லாங் விரிகுடாவுக்கு ஏற்பாடு செய்திருந்தார். எனக்கு, 1954-ல் கியாப் பிரெஞ்சுப் படையை வென்ற டியென் பியென் பூ போதும் என்றேன். "அங்க என்னப்பா இருக்கு, மலையும் வயலும்தானே" என்றாள் மகள். கடைசியில் மூவருமே போனோம்.

ஏ1 குன்றில் பெரிய பள்ளம் ஒன்று இன்னும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த அந்தக் குன்றுக்கு அடியில் கியாப்பின் வீரர்கள் சுரங்கம் தோண்டி, கிட்டத்தட்ட ஒரு டன் வெடிமருந்தை வைத்து 1954 மே 6 இரவு வெடித்த இடம். மறுநாள் மாலை பிரெஞ்சு முகாம் வீழ்ந்தது. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அந்தப் பள்ளம் அல்ல, அருகிலுள்ள கல்லறைத் தோட்டம். 644 கல்லறைகள். நான்கில்தான் பெயர் இருக்கிறது. அந்த நால்வரில் ஒருவர் தோ வின் ஸியென். சரிவில் கட்டு அறுந்து உருண்ட பீரங்கியைத் தடுக்கத் தன் உடம்பையே சக்கரத்துக்குக் கொடுத்தவர். அப்போது அவர்கள் பீரங்கியைப் போர்முனைக்கு இழுத்துப் போகவில்லை. வெளியே, பின்னால் இழுத்து வந்துகொண்டிருந்தார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. 1954 ஜனவரியில் எல்லாம் தயார். டன் கணக்கில் எடையுள்ள பீரங்கிகளைக் கயிறு கட்டி, கையாலேயே, இரவு இரவாக மலை மேல் இழுத்து வந்து நிறுத்தியாயிற்று. இரண்டு மூன்று நாளில் வேகமாக அடித்து முடிப்பது என்பது திட்டம். சீன ஆலோசகர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் கியாப் பார்க்கப் பார்க்க, பிரெஞ்சுக்காரர்கள் அரண்களைப் பலப்படுத்திக்கொண்டே போனார்கள். தாக்குதலுக்கு முந்தைய இரவு அவருக்குத் தூக்கமில்லை. தலைவலி தாங்காமல் மாசிபத்திரி போன்ற ஒரு மூலிகையை நெற்றியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயிப்பது உறுதி என்றால் அடி, இல்லையென்றால் அடிக்காதே என்று அவர்களுடைய தலைவர் ஹோ சி மின் சொல்லி அனுப்பியிருந்தார். ஜனவரி 26 அன்று, தாக்குதல் தொடங்க வேண்டிய அதே நாளில், நிறுத்தச் சொல்லிவிட்டார் கியாப். இழுத்து வந்த பீரங்கிகளைத் திரும்ப இழுக்க வேண்டும். உடம்பு ஒடிந்து போன வீரர்களிடம் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தன் தளபதி வாழ்க்கையிலேயே மிகக் கடினமான முடிவு அதுதான் என்று பிற்பாடு எழுதினார்.

அப்புறம் ஆறேழு வாரம் வேலை நடந்தது. மலைச் சரிவுகளைக் குடைந்து பீரங்கிகளை உள்ளே மறைத்தார்கள். சுமார் 20,000 சைக்கிள்கள், ஒவ்வொன்றிலும் 200 கிலோ அளவுக்கு மூட்டைகள், தள்ளியே கொண்டுவந்தார்கள். மார்ச் 13 மாலை குண்டு விழத் தொடங்கியது. எதிரியின் பீரங்கிகளை உடனே அடக்கிவிடுவேன் என்று உறுதி சொன்ன பிரெஞ்சு பீரங்கிப் படைத் தலைவர் பிரோத், இரண்டே நாளில் கையெறி குண்டால் தற்கொலை செய்துகொண்டார். 56 நாள் போர். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

ஹனோயில் தாங் லாங் பள்ளியில் அவர் பாடம் நடத்தியபோது, நெப்போலியனின் போர்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவாராம். யார் எங்கே அவசரப்பட்டான், எங்கே காத்திருந்தான் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர். 1944 டிசம்பரில் காவ் பாங் காட்டில் அவர் தொடங்கிய முதல் படையில் 34 பேர்தான். மனைவி பிரெஞ்சுச் சிறையில் இறந்துபோன செய்திகூட வெகுநாள் கழித்துத்தான் அவருக்குக் கிடைத்தது.

உடனே ஒருவர் வந்து, கம்யூனிஸ்டுக்கு வக்காலத்தா என்பார். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. சீனா பீரங்கி கொடுத்தது, ஆலோசகர்களை அனுப்பியது, மறைக்க ஒன்றுமில்லை. உயிர்களை மதிக்காதவர் என்பார்கள். 1951-ல் வின் யென் என்ற ஊரில் திறந்த வெளியில் படையை இறக்கி, ஆளை எரிக்கும் நேபாம் தீக்குண்டுகளில் ஆயிரக்கணக்கில் இழந்தார், உண்மைதான். அந்த இழப்புதான் ஜனவரி 26 அன்று அவர் கையைப் பிடித்தது என்பது என் கருத்து. 1968-ல் தென் வியட்நாம் நகரங்கள் மீது நடந்த டெட் தாக்குதலையும் அவர் தலையில் கட்டுவார்கள். அது தொடங்கியபோது அவர் ஹங்கேரியில் இருந்தார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்தால் என் பீரியடெல்லாம் கணக்குக்குப் போய்விடும். "சார், நீங்க நோட்ஸ் மட்டும் குடுத்துடுங்க" என்பார் தலைமையாசிரியர். கணக்கெடுப்பு வேலையா, தேர்தல் வேலையா, முதல் பெயர் என்னுடையது. இந்தப் பீரங்கிக் கதையைப் பத்தாம் வகுப்பில் முழுதாகச் சொல்லி முடித்தது 28 வருடத்தில் ஐந்தாறு முறை இருந்தால் அதிகம். சொன்ன அன்று கடைசி பெஞ்சுப் பையன்கூட மணி அடித்த பிறகும் எழுந்திருக்க மாட்டான்.

கியாப்பையும் பிற்காலத்தில் ஓரங்கட்டினார்கள். 1980-ல் பாதுகாப்பு அமைச்சர் பதவி போனது, 1982-ல் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழுவிலிருந்தும் விலக்கப்பட்டார். பிறகு குடும்பக் கட்டுப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதையும் செய்தார். 2013 அக்டோபரில் 102 வயதில் அவர் இறந்தபோது ஹனோயில் அவர் வீட்டு முன் நின்ற வரிசையைப் பற்றி மகளின் அலுவலகத்தில் இன்றும் பேசுகிறார்களாம். அங்கே பலருக்கு அவர் 'அண்ணன் வான்'. வான் என்றால் இலக்கியம்.

டியென் பியென் பூ போனால் குன்றைப் பார்ப்பதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஊதுபத்தி நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பாதி வரிசையிலேயே தீர்ந்துவிட்டது. மகள்தான் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் இன்னும் நான்கு கட்டு வாங்கி வந்தாள்.