சுவரைத் துளைத்த குண்டுகள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் போலீசார் சுட்டு இறந்த பிரியானா டெய்லர் வழக்கில் கிராண்ட் ஜூரியின் முடிவைக் குறை சொல்லி எழுதியிருந்தீர்கள். பொதுமக்களில் 12 பேர் உட்கார்ந்து, சாட்சியம் கேட்டு எடுத்த முடிவைக் குறை சொல்வது சரியா? போலீஸ்காரர்களுக்கும் முறையான விசாரணை பெறும் உரிமை உண்டல்லவா?

ஒரு வாசகர், டல்லஸ்

அன்புள்ள நண்பருக்கு,

நிச்சயமாக உண்டு. ஆனால் அந்த உரிமைக்கான இடம் திறந்த நீதிமன்றம். அங்கே இரு தரப்பு வக்கீல்களும் இருப்பார்கள், குறுக்கு விசாரணை நடக்கும். நீங்கள் சொல்லும் 12 பேர் கிராண்ட் ஜூரி, அதாவது குற்றம் சாட்டலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு. அந்த அறையில் நீதிபதியும் கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது. வழக்குத் தொடர முகாந்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். யாரைச் சாட்சியாக அழைப்பது, எந்தப் பிரிவை விளக்குவது எல்லாம் பெரும்பாலும் அரசு வழக்கறிஞர் கையில்.

2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டிய நேரம். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் டெய்லரின் வீட்டுக் கதவைப் போலீசார் உடைத்தார்கள். யாரோ அத்துமீறி நுழைகிறார்கள் என்று நினைத்து அவருடைய காதலர் ஒரு முறை சுட்டார். ஒரு போலீஸ்காரரின் காலில் பட்டது. பதிலுக்கு மூன்று போலீஸ்காரர்கள் சேர்ந்து 32 முறை சுட்டார்கள். 26 வயது டெய்லர் தன் வீட்டு நடையிலேயே விழுந்து இறந்தார்.

செப்டம்பர் 23 அன்று கிராண்ட் ஜூரி அந்த மூவரில் ஒரே ஒருவர் மேல் குற்றம் சாட்டியது: பிரெட் ஹாங்கிசன். அதுவும் அவர் சுட்ட குண்டுகள் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டில் இருந்த மூன்று பேரின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கின என்பதற்காக. குற்றப்பத்திரிகையில் டெய்லரின் பெயரே இல்லை.

மற்ற இருவர் சுட்டது நியாயம்தான் என்று ஜூரியும் ஒப்புக்கொண்டதாக கென்டக்கியின் அப்போதைய அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர்) டேனியல் கேமரன் அறிவித்தார். ஜூரர் (ஜூரி உறுப்பினர்) ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. கிராண்ட் ஜூரி நடவடிக்கை ரகசியமானது என்பதால், பேச அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார். அக்டோபர் 20 அன்று அனுமதி கிடைத்தது. பெயர் சொல்லாமல் அவர் வெளியிட்ட அறிக்கையைப் படித்து எனக்கு மனசே ஆறவில்லை. கொலை தொடர்பான பிரிவுகளை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை என்கிறார். தற்காப்புச் சட்டத்தையும் விளக்கவில்லையாம். வேறு குற்றச்சாட்டு உண்டா என்று கேட்டதற்கு, அதெல்லாம் நிற்காது என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் அந்த 12 பேர் எதை முடிவு செய்தார்கள், சொல்லுங்கள்.

மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகர வழக்கில், 2014இல் கூடிய கிராண்ட் ஜூரியில் நேர்மாறு. 60 சாட்சிகளைக் கூட்டி வந்தார்கள். ஆனால் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைச் சுட்ட போலீஸ்காரர் சாட்சி சொல்ல வருவதற்கு முன் ஜூரர்கள் கையில் கொடுத்தது, தப்பியோடுபவரைச் சுடுவது பற்றிய பழைய மிசூரி சட்டம். அந்த மாதிரிச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லியாகிவிட்டது. தவறைத் திருத்தியது முடிவெடுக்கப் போகும் நேரத்தில்.

ஹாங்கிசன் 2022இல் அந்த மாநில வழக்கில் விடுதலையானார். அவரே கூண்டேறிப் பேசினார், ஊரே பார்த்தது. அந்தத் தீர்ப்பின் மேல் எனக்குப் புகார் இல்லை. டெய்லர் மேல் பாய்ந்த குண்டுகளைச் சுட்ட மற்ற இருவர் மேல் கொலை வழக்கே வரவில்லை. என் கேள்வி அதைப் பற்றித்தான்.

கிராண்ட் ஜூரி ஒலிப்பதிவு, சுமார் 15 மணி நேரம், நீதிமன்ற உத்தரவால் வெளியாகியிருக்கிறது. முடிந்தால் கேளுங்கள். ஜூரர்கள் அக்கறையாகக் கேள்வி கேட்கிறார்கள். என்ன குற்றச்சாட்டு என்று வழக்கறிஞர்கள் பரிந்துரைத்த பகுதி பதிவாகவில்லை.